கல்லூரியும் பேரூராட்சியும் சேர்ந்து வேலை செய்வது எப்படி?

மாசி மாதத்து ஏழு நாள் முகாமில் நூறு மரக்கன்றுகள் நடுகிறார்கள். சித்திரை முடிவதற்குள் பாதிக்கு மேல் காய்ந்துவிடுகின்றன. நட்டவர்கள் அப்போது தேர்வு எழுதிக்கொண்டிருப்பார்கள். ஒரு கன்றுக்கு வாரம் இருமுறை பத்துப் பத்து லிட்டர் என்று வைத்தால் நூறு கன்றுக்கு வாரம் 2,000 லிட்டர் தண்ணீர் வேண்டும். அதை எந்த வண்டியில், யார் கொண்டுவருவது என்று முகாமுக்கு முன்பு ஒருவரும் பேசவில்லை. கல்லூரியும் ஊரும் சேர்ந்து எடுக்கும் வேலைகள் வீணாவது பெரும்பாலும் இப்படித்தான். மாணவர் வருவார், போவார். ஊர் அங்கேயே இருக்கும். போன பிறகு என்ன நடக்கும் என்பதிலிருந்து பின்னோக்கித் திட்டமிட்டால் இந்தக் கூட்டு நிலைக்கும்.

இந்த வழிகாட்டி தமிழ்நாட்டுப் பேரூராட்சிகளையும், அவற்றைச் சுற்றியுள்ள கலை அறிவியல், பொறியியல், வேளாண் கல்லூரிகளையும் மனத்தில் வைத்து எழுதப்பட்டது. பேரூராட்சியைத் தேர்ந்ததற்குக் காரணம் உண்டு. கிராம ஊராட்சிக்குக் கிராமசபை இருக்கிறது. மத்திய அரசு 2014இல் தொடங்கிய உன்னத் பாரத் அபியான் திட்டமும் ஒரு கல்வி நிறுவனம் குறைந்தது ஐந்து கிராமங்களைத் தத்தெடுக்கும்படிதான் எழுதப்பட்டிருக்கிறது. மாநகராட்சிக்குப் பொறியாளர்களும் ஆலோசகர்களும் இருக்கிறார்கள். பத்தாயிரம், பதினைந்தாயிரம் பேர் வாழும் சந்தை ஊருக்கு ஒரு செயல் அலுவலர், சில எழுத்தர்கள், டேங்க் ஆபரேட்டர்கள், தூய்மைப் பணியாளர்கள், அவ்வளவுதான். கணக்கெடுக்கவும் அளந்து பார்க்கவும் ஆள் இல்லாத இடம் அது. கல்லூரியிடம் மிகுதியாக இருப்பது அந்த ஆள்பலம்தான்.

கையில் ஏற்கெனவே இருப்பவை

புதிதாக அமைப்பு எதுவும் தொடங்க வேண்டியதில்லை. நாட்டு நலப்பணித் திட்டம் 1969 முதல் இருக்கிறது. ஒரு மாணவர் இரண்டு ஆண்டில் 240 மணி நேரம் தர வேண்டும், ஏழு நாள் சிறப்பு முகாமும் உண்டு. வேளாண் இளநிலை மாணவர்களுக்கு ஊரில் தங்கிச் செய்யும் களப்பயிற்சி பாடத்திலேயே இருக்கிறது. வேளாண் அறிவியல் நிலையங்களில் நாட்டிலேயே முதலாவது, 1974இல் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் கீழ் புதுச்சேரியில் தொடங்கியதுதான். இன்று பெரும்பாலான மாவட்டங்களில் அவற்றின் உதவியைக் கேட்கலாம். காந்திகிராமத்தில் 1956இல் தொடங்கிய ஊரக நிறுவனம் ஊர்ப்பணியையே கல்வியாக வைத்து வளர்ந்தது. இந்த மணி நேரங்களும் மதிப்பெண்களும் துறைக்குத் துறை சிதறிக் கிடக்கின்றன. அவற்றை ஒரே ஊரின் பக்கம் திருப்புவதுதான் ஒருங்கிணைப்பாளரின் முதல் வேலை.

முதல் மூன்று பயணம்

திட்ட அறிக்கையோடு ஊருக்குப் போகாதீர்கள். முதல் மூன்று முறையும் வெறும் கையோடு போங்கள். ஒருமுறை பேரூராட்சி அலுவலகம்: செயல் அலுவலர், தலைவர், நான்கைந்து கவுன்சிலர்கள். இரண்டாவது முறை சந்தை நாளில். வியாபாரிகள் சங்கத்தாரையும் மகளிர் குழுக் கூட்டமைப்பின் பொறுப்பாளர்களையும் அன்றுதான் ஒரே இடத்தில் பிடிக்க முடியும். மூன்றாவது முறை விடியற்காலை ஐந்தரை மணிக்கு. டேங்க் ஆபரேட்டரும் தூய்மைப் பணி மேற்பார்வையாளரும் வேலையில் இருக்கும் நேரம் அது. ஊரில் எந்தத் தெருவுக்குத் தண்ணீர் ஏறாது, எந்தச் சாக்கடை எங்கே அடைக்கும் என்பதெல்லாம் அவர்களுக்கு மனப்பாடம். அந்த அறிவு கோப்பில் ஏறியதே இல்லை.

எல்லோரிடமும் கேட்க வேண்டியது ஒரே கேள்வி: "ஆள் இல்லாததால், அல்லது கணக்கு இல்லாததால், நின்றுபோயிருக்கும் வேலை எது?" "உங்களுக்கு என்ன வேண்டும்?" என்று கேட்டால் சாலை, சமுதாயக் கூடம், பஸ் நிறுத்தம் என்று கல்லூரியால் தர முடியாத பட்டியல்தான் வரும். தர முடியாததைக் கேட்டு வாங்கி எழுதிக்கொண்டு போவது, ஊர் நம்பிக்கையை முதல் நாளே செலவழிப்பதற்குச் சமம்.

வந்த பதில்களை மூன்று விதமாகச் சலித்துப் பாருங்கள். வேலை ஒரு பருவத்துக்குள் முடியுமா? பருவம் என்றால் காகிதத்தில் பதினாறு வாரம். சேர்க்கை, உள்தேர்வுகள், பண்டிகை விடுமுறை போக உருப்படியாகக் கிடைப்பது பத்து வாரம். முடிவை எடுத்துப் பயன்படுத்தப்போகும் ஆள் ஊரில் யார்? "மக்கள்" என்று பதில் வந்தால் யாருமில்லை என்று பொருள். ஒரு பதவியின் பெயர் வர வேண்டும். மாணவர்கள் போன பிறகு அதைத் தொடர நாளுக்கு எவ்வளவு நேரம் ஆகும்? அரை மணிக்கு மேல் போனால் தொடராது.

இந்தச் சல்லடையில் விழிப்புணர்வுப் பேரணி நிற்காது. கட்டுமான வேலையும் நிற்காது. குடிநீரைச் சோதிப்பது, குப்பையை எடைபோட்டுக் கணக்கெடுப்பது, சிறு தொழில் செய்வோருக்கு எழுத்து வேலையில் கைகொடுப்பது ஆகிய மூன்றும் நிற்கும்.

குடிநீர்: வேதியியல் துறை எடுத்துச் செய்ய வேண்டிய வேலை

நான்கு மேல்நிலைத் தொட்டிகள் உள்ள ஊர் என்று கொள்வோம். ஒவ்வொரு தொட்டிக்கும் மூன்று இடத்தில் மாதிரி: தொட்டியிலிருந்து இறங்கும் குழாய், நடுத்தெரு ஒன்று, கடைசித் தெரு ஒன்று. மொத்தம் பன்னிரண்டு. இவற்றோடு ஒவ்வொரு ஆழ்துளைக் கிணற்றிலும் ஒன்று. கடைசித் தெருவை விட்டுவிடாதீர்கள். கோளாறு முதலில் தெரிவது அங்கேதான்.

இந்த வேலை கெடுவது பெரும்பாலும் நேரத்தில். பல ஊர்களில் தண்ணீர் விடிகாலையில் ஒரு மணி நேரம்தான் வரும், அதுவும் ஒருநாள் விட்டு ஒருநாள். கல்லூரி பஸ் பத்து மணிக்கு வந்து நிற்கும்போது குழாய் காய்ந்திருக்கும். மாணவர் வெறும் கையோடு திரும்ப மனமில்லாமல் வீட்டுக் குடத்திலிருந்தோ மாடித் தொட்டியிலிருந்தோ மாதிரி எடுப்பார். அந்த முடிவு அந்த வீட்டுக் குடத்தின் சுத்தத்தைச் சொல்லுமே தவிர ஊர்க் குழாயைப் பற்றி எதுவும் சொல்லாது. எனவே ஆபரேட்டரிடம் எந்த வால்வு எந்த நாளில், எத்தனை மணிக்குத் திறக்கிறது என்று பட்டியல் வாங்கிக்கொண்டு, முந்தின இரவே ஊரில் தங்குங்கள்.

எடுக்கும் முறை: குழாயை இரண்டு மூன்று நிமிடம் திறந்துவிடுங்கள். ரசாயனச் சோதனைக்கு ஒரு லிட்டர் பிளாஸ்டிக் கேனை அதே தண்ணீரால் மூன்று முறை அலசி, கழுத்து வரை நிரப்புங்கள். ஃபுளோரைடு பார்க்கும் மாதிரிக்குக் கண்ணாடிப் பாட்டில் கூடாது. கிருமிச் சோதனைக்குச் சோடியம் தயோசல்ஃபேட் போட்டுக் கிருமி நீக்கிய பாட்டில் வேண்டும். அந்தத் தயோசல்ஃபேட் இல்லாவிட்டால் தண்ணீரிலுள்ள குளோரின் வழியிலேயே கிருமிகளைக் கொன்று, ஆய்வகத்தில் பொய்யாக நல்ல முடிவு வரும். இந்தப் பாட்டிலை அலசக் கூடாது. குழாய் வாயை ஸ்பிரிட்டால் துடைத்துவிட்டுப் பிடியுங்கள். மூடியின் உட்புறத்தில் விரல் படக் கூடாது. மேலே இரண்டு விரற்கடை இடம் விடுங்கள். ஐஸ் பெட்டியில் வைத்து ஆறு மணி நேரத்துக்குள் ஆய்வகம் சேர்ப்பது நல்லது, 24 மணி நேரத்தைத் தாண்டினால் அந்த மாதிரி பயனில்லை. வார்டு, தெரு, தொட்டி எண், தேதி, நேரம் ஆகியவற்றை அழியாத மார்க்கரில் எழுதுங்கள். மைப் பேனா எழுத்து ஐஸ் தண்ணீரில் கரைந்துவிடும்.

குளோரினை மட்டும் அங்கேயே, அப்போதே பார்க்க வேண்டும். பாட்டிலில் கொண்டுபோனால் பறந்துவிடும். தண்ணீரில் மருந்து விட்டு நிறத்தால் குளோரின் அளவைப் பார்க்கும் குளோரோஸ்கோப் கருவி பேரூராட்சியில் பெரும்பாலும் இருக்கும். மருந்து காலாவதியாகி மூலையில் கிடந்தால் புது மருந்து வாங்கிக் கொடுப்பதே நல்ல தொடக்கம். கடைசிக் குழாயில் லிட்டருக்கு 0.2 மில்லிகிராமாவது தங்கியிருக்க வேண்டும்.

குறைந்தால் உடனே ஆபரேட்டரைக் குறைசொல்ல வேண்டாம். கணக்கைப் பாருங்கள். ஆயிரம் லிட்டருக்கு 4 கிராம் பிளீச்சிங் பவுடர் என்றால் ஒரு லட்சம் லிட்டர் தொட்டிக்கு 400 கிராம். தூளில் குளோரின் 30 சதவீதம் இருந்தால் தண்ணீரில் லிட்டருக்கு 1.2 மில்லிகிராம் விழும். மூட்டை பிரித்து இரண்டு மாதம் ஈரத்தில் கிடந்து 15 சதவீதமாக இறங்கியிருந்தால் பாதிதான் விழும். தூளை வாளியில் கரைத்து, சுண்ணாம்பு அடியில் தங்கியபின் தெளிந்த நீரை மட்டும் ஊற்றுகிறார்களா என்றும் பாருங்கள். தூளும் சரி, அளவும் சரி, தொட்டியடியில் குளோரின் இருக்கிறது, கடைசித் தெருவில் மட்டும் இல்லை என்றால் குழாயில் சந்தேகம் வர வேண்டும். வீட்டு மோட்டாரைக் குழாயில் நேரடியாக மாட்டி உறிஞ்சும் தெருக்களில், விரிசல் வழியே சாக்கடை நீரையும் சேர்த்து இழுக்கும். உள்ளே வரும் அழுக்கு குளோரினைத் தின்றுவிடும்.

முடிவுகளை இந்தியத் தர நிர்ணயத்தின் ஐ.எஸ். 10500 அளவுகளோடு ஒப்பிடுங்கள்: கரைந்த உப்புகள் லிட்டருக்கு 500 மில்லிகிராம் வரை நல்லது, வேறு நீர் இல்லாவிட்டால் 2,000 வரை, ஃபுளோரைடு 1.0, வேறு வழியில்லாவிட்டால் 1.5, நைட்ரேட் 45, மலக் கலப்பைக் காட்டும் இ.கோலை கிருமி நூறு மில்லி நீரில் ஒன்றுகூட இருக்கக் கூடாது. மாணவர்கள் கையில் கரைந்த உப்பை மட்டும் அளக்கும் பேனா போன்ற டி.டி.எஸ். மீட்டரை வைத்துக்கொண்டு "120 காட்டுகிறது, நல்ல தண்ணீர்" என்று வீடுவீடாகச் சொல்லுவதைத் தடுத்துவிடுங்கள். அந்த மீட்டருக்குக் கிருமியும் தெரியாது, ஃபுளோரைடும் தெரியாது. தர்மபுரி, கிருஷ்ணகிரி, சேலம் பக்கத்து ஊர்களில் ஃபுளோரைடைத் தனியாகப் பார்த்தே ஆக வேண்டும். கொதிக்க வைத்தால் அது போகாது. நீர் சுண்டச் சுண்டச் செறிவு கூடும்.

கெட்ட முடிவு வந்தால் என்ன செய்வது என்பதை வேலை தொடங்கும் முன்பே எழுதி வையுங்கள். இ.கோலை இருந்தால் அன்றே செயல் அலுவலருக்குத் தொலைபேசியிலும் எழுத்திலும் தெரிவிப்பது. மறுநாள் அதே இடத்தில் மறுமாதிரி. 48 மணி நேரத்தில் எடுத்த நடவடிக்கையோடு சேர்த்து முடிவை வார்டில் ஒட்டுவது. மாணவர் ஒருவர் முதலிலேயே வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிட்டால் அலுவலகக் கதவு மூடிக்கொள்ளும். மறைத்துவைத்தாலோ அந்தத் தண்ணீரைக் குழந்தைகள் குடித்துக்கொண்டிருப்பார்கள். இரண்டையும் தவிர்க்க இந்த எழுத்து வேண்டும். அலுவலர் ஒட்டாவிட்டால் கல்லூரி ஒட்டும் என்ற வரியும் அதில் இருக்கட்டும். அதற்கு ஒப்பாத ஊரில் குடிநீர் வேலையைத் தொடங்காதீர்கள்.

இன்னொரு சிக்கல் நாள்காட்டியில் இருக்கிறது. கிணறு வற்றி நீர் மோசமாகும் மே மாதத்தில் கல்லூரி விடுமுறை. ஐப்பசி மழையில் ஒருமுறை, கோடையில் ஒருமுறை என்று ஆண்டுக்கு இரண்டு சுற்றாவது வேண்டும் என்பதால், கோடைச் சுற்றை உள்ளூர் ஆட்களே எடுக்கும்படி பழக்க வேண்டும். மகளிர் குழுவிலிருந்து நான்கு பேர், ஒரு பள்ளி ஆசிரியர். மழைச் சுற்றில் மாணவர்களோடு அவர்களும் எடுக்கட்டும். கோடையில் அவர்கள் மட்டும் எடுத்து, குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்ட ஆய்வகத்துக்கு அனுப்பட்டும்.

குப்பையும் கடையும்

குப்பையைத் தரம் பிரித்து உரமாக்கும் வளமீட்புப் பூங்கா வைத்திருக்கும் பேரூராட்சிக்கு ஒரு நாளில் எத்தனை கிலோ ஈரக் குப்பை, எத்தனை கிலோ பிளாஸ்டிக் வருகிறது என்ற சரியான எண் பெரும்பாலும் இருக்காது, இருப்பது மதிப்பீடு. எட்டு நாள் தொடர்ந்து எடைபோடுங்கள். சந்தை நாளும் மறுநாளும் உள்ளே வர வேண்டும். அவை இல்லாத சராசரி பொய். வண்டியின் மொத்த எடையை எழுதிக்கொண்டு, தார்ப்பாயில் கொட்டிக் கலந்து, நான்காகப் பிரித்து எதிரெதிர் பங்குகளை மட்டும் வைத்துக்கொண்டு, சுமார் நூறு கிலோ ஆகும் வரை குறைத்துத் தரம் பிரியுங்கள். நாப்கின், டயப்பர் ஆகியவை தனிக் கணக்கு; உரக்குழிக்கான கணக்கு பிசகுவது இவற்றால்தான். தடிமனான கையுறையும் காலணியும் இல்லாமல் எந்த மாணவரும் தொடக் கூடாது. உரிய பாதுகாப்பு ஏற்பாடுகள் இல்லாமல் சாக்கடைக்குள்ளோ கழிவுநீர்த் தொட்டிக்குள்ளோ சுத்தம் செய்ய ஆளை இறக்குவது, கையால் மலம் அள்ளுவதைத் தடைசெய்யும் 2013ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம்; மாணவர் யாரையும் இறக்கவே கூடாது, "முகாம்தானே, சும்மா" என்று யார் சொன்னாலும் மறுத்துவிடுங்கள்.

வணிகவியல் துறைக்கு வேறு வேலை இருக்கிறது. சந்தைத் திடலுக்கு அருகில் வாரம் ஒரே நாள், ஒரே மேசை, ஒரே நேரம். சிறு தொழில்களுக்கான உத்யம் பதிவு, உணவுப் பாதுகாப்புப் பதிவு, வங்கிக் கடன் படிவம் மூன்றும் போதும். உத்யம் பதிவுக்குக் கட்டணமே கிடையாது. அதற்கும் பணம் வாங்கும் இடைத்தரகர்கள் இருக்கிறார்கள். ஓ.டி.பி.யைக் கடைக்காரரே தன் கையால் அடிக்க வேண்டும், ஆதார் நகலை மாணவர் வைத்துக்கொள்ளக் கூடாது. இந்த இரண்டு விதியும் மேசையிலேயே எழுதி ஒட்டப்பட்டிருக்கட்டும்.

வீடுவீடாகப் போகும்போது

3,000 வீட்டுக்கும் போக வேண்டாம். தெருவாரியாகப் பத்தில் ஒரு வீடு, 300 போதும். இரண்டிரண்டு பேராகப் பத்து ஜோடி. ஒவ்வொன்றிலும் ஒரு பெண்ணாவது. ஒரு ஜோடி ஒரு மாலைக்கு எட்டு வீடு. நான்கு மாலையில் முடியும். பகலில் போனால் கூலி வேலைக்குப் போனவர்கள் விடுபட்டு, வீட்டிலிருப்பவர்கள் மட்டும் கணக்கில் ஏறுவார்கள். எனவே மாலை ஐந்தரையிலிருந்து ஏழு வரை, ஒரு ஞாயிறு காலை. பூட்டிய வீட்டைத் தாண்டி அடுத்த வீட்டுக்குப் போகாமல் இன்னொரு முறை வாருங்கள். கேள்விகள் இருபத்தைந்துக்குள். கேட்டு என்ன செய்யப்போகிறோம் என்று சொல்ல முடியாத கேள்வியை அடித்துவிடுங்கள். ஆதார் எண், வங்கி விவரம், வீட்டு வாசலில் சாதி ஆகியவை வேண்டவே வேண்டாம். ஆனால் ஊரின் ஓரத்துக் குடியிருப்புகள் பத்தில் ஒன்று என்ற கணக்கில் நழுவிவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்; அங்கே ஐந்தில் ஒன்று எடுத்துத் தனியாகக் காட்டலாம். கைப்பேசியில் எடுப்பதென்றால் கோபோ டூல்பாக்ஸ் என்ற கணக்கெடுப்புச் செயலி இணையம் இல்லாத இடத்திலும் ஓடும், தமிழிலும் படிவம் போடலாம்.

எடுத்த தகவலை முப்பது நாளுக்குள் ஊரிடம் திருப்பிச் சொல்லுங்கள். இரண்டு பக்கம், தமிழில், பெரிய எழுத்தில். வார்டு மக்கள் கூடும் பகுதி சபாக் கூட்டம் நடந்தால் அங்கே, இல்லாவிட்டால் தேரடியில். கல்லூரியின் தர மதிப்பீட்டுக் கோப்புக்காக அடிக்கும் ஆங்கில அறிக்கை வேறு. ஏற்கெனவே நான்கு முறை யாரோ வந்து கேட்டுப்போய்த் திரும்பி வராத தெருவில் ஐந்தாவது முறை உண்மையான பதில் கிடைக்காது.

ஒப்பந்தமும் பணமும்

புரிந்துணர்வு ஒப்பந்தம் மூன்று ஆண்டுக்கு, நான்கு பக்கத்துக்குள். பேரூராட்சி மன்றத் தீர்மானம் இல்லாமல் செயல் அலுவலர் கையெழுத்து மட்டும் வாங்காதீர்கள். அவர் மாறுதலில் போனதும் அது வெறும் தாளாகிவிடும். ஆட்களின் பெயரை எழுதாமல் பதவியை எழுதுங்கள். கல்லூரி பக்கம் இரண்டு ஆசிரியர்கள், வெவ்வேறு துறையிலிருந்து. அவர்களின் பாட அட்டவணையில் வாரம் அரைநாள் இதற்கென்று ஒதுக்கப்பட்டிருக்க வேண்டும். அந்த அரைநாளை மறுக்கும் நிர்வாகம் இந்த வேலையைச் செய்யப் போவதில்லை, புகைப்படம் எடுக்கத்தான் போகிறது. மாணவர்களின் காப்பீடு, வண்டிச் செலவு, தகவல் யாருக்குச் சொந்தம், எந்தப் பக்கமும் மூன்று மாத அறிவிப்பில் விலகலாம் என்பதும் அதில் வர வேண்டும்.

செலவு பெரிதாக இருக்காது: வண்டி, பாட்டில், மருந்து, அச்சு, சாப்பாடு. முதல் பருவத்தை இருக்கும் நிதியில் நடத்துங்கள். முடிவு கையில் இருந்தால்தான் நிறுவனங்களின் சமூகப் பொறுப்பு நிதியைக் கேட்க முகம் இருக்கும். பணம் பெறும் அறக்கட்டளை சி.எஸ்.ஆர்.-1 படிவத்தில் பதிவு செய்திருக்க வேண்டும் என்பது 2021 ஏப்ரல் முதல் விதி. பலர் காசோலை வரும் நாளில்தான் இதைக் கண்டுபிடிக்கிறார்கள். பயன்பாட்டுச் சான்றிதழுக்கான ரசீதுகளை அன்றன்றே ஒட்டிவையுங்கள்.

கைமாற்றும் வாரம்

ஒவ்வொரு பருவத்தின் கடைசி வாரத்துக்கு முந்தின வாரத்தில் புது வேலை எதுவும் வைக்காதீர்கள். அது கைமாற்றும் வாரம். மாதிரி எடுத்த இடங்களின் வரைபடம், வால்வு நேரப் பட்டியல், மருந்து வாங்கும் கடை, ஆய்வகத்தில் மாதிரி வாங்கும் நாள், இதுவரை வந்த எண்கள் எல்லாவற்றையும் ஒரு நீளக் குறிப்பேட்டில் கையால் எழுதி ஒரு பிரதி பேரூராட்சி அலுவலகத்திலும் ஒரு பிரதி துறையிலும் வையுங்கள். மென்கோப்பும் வேண்டும், ஆனால் அது மாணவரின் சொந்த மின்னஞ்சலில் இருந்தால் அவர் பட்டம் வாங்கும் நாளோடு போய்விடும். இரண்டாமாண்டு மாணவர் ஆறு பேராவது மூன்றாமாண்டு மாணவர்களோடு களத்துக்குப் போயிருக்க வேண்டும்.

ஜூனில் புது அணி வந்ததும் முதல் பயணத்தில் பார்க்க வேண்டியது மூன்று: ஆபரேட்டர் குளோரின் அளவை எழுதிவைக்கும் குறிப்பேட்டில் மே மாதப் பக்கம் நிரம்பியிருக்கிறதா, கோடைச் சுற்று மாதிரிகள் ஆய்வகம் போயினவா, ஆபரேட்டர் அதே ஆளா. மே மாதப் பக்கம் வெறுமையாக இருந்தால் புது வேலையை ஒத்திப்போட்டு, அது ஏன் நின்றது என்று முதலில் ஆபரேட்டரிடம் உட்கார்ந்து கேளுங்கள். பெரும்பாலும் மருந்து தீர்ந்திருக்கும், வாங்கித் தரச் சொல்லி யாரிடம் கேட்பது என்று அவருக்குத் தெரிந்திருக்காது. அந்தப் பதவியின் பெயரைக் குறிப்பேட்டின் முதல் பக்கத்தில் எழுதிவிட்டு வேலையைத் தொடங்குங்கள்.